வெள்ளத்தை விசாரித்த பொறியாளர்

ஒரு புளிய மரம் 150 பேரின் உயிரைக் காப்பாற்றியது என்றால் நம்புவீர்களா? கதையல்ல, உண்மைதான். ஹைதராபாத் நகரில் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துக்குப் போனால் அந்த மரத்தைக் காட்டுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன், அதன் கிளைகளில் 150 பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாங்காய் பறிக்கவோ, ஊஞ்சல் ஆடவோ அல்ல. கீழே மூசி ஆறு, கடல் போலப் பொங்கி ஓடிக்கொண்டிருந்தது. கையை விட்டால் உயிர் போய்விடும். பசியோடும் குளிரோடும் மரத்தைக் கட்டிப் பிடித்துக் கொண்டிருந்தார்கள்.

அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஒரு பொறியாளர் அந்த ஊருக்கு வந்தார். போன வெள்ளத்தைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். முடிந்து போன வெள்ளத்தை எதற்காக விசாரிக்க வேண்டும்? அடுத்த வெள்ளத்தைத் தடுப்பதற்காகத்தான்! அவர்தான் சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. ஆண்டுதோறும் செப்டம்பர் 15ம் தேதி நம் நாட்டில் பொறியாளர் தினம் கொண்டாடுகிறோமே, அது அவருடைய பிறந்த நாள். வாருங்கள், அவருடைய கதையைப் பார்க்கலாம்.

ட்யூஷன் சொல்லிக் கொடுத்துப் படித்தவர்

கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் பக்கத்தில் முத்தேனஹள்ளி என்று ஒரு கிராமம். அங்கேதான் விஸ்வேஸ்வரய்யா பிறந்தார். அப்பா சீனிவாச சாஸ்திரி சமஸ்கிருதம் படித்தவர். அம்மா வெங்கடலட்சுமம்மா. வீட்டில் படிப்பு இருந்தது, பணம் இல்லை. சிறு வயதிலேயே அப்பாவும் காலமாகி விட்டார்.

படிப்பை நிறுத்தி விடுவாரா? இல்லை. பெங்களூருக்குப் போனார். வசதியானவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதில் வந்த பணத்தில் தன் செலவைப் பார்த்துக் கொண்டார். 1881ல் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கினார். அவருடைய கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து உதவித்தொகை கிடைத்தது. புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் படித்து, 1883ல் முதலிடத்தில் தேறினார். மறு ஆண்டே பம்பாய் அரசின் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கை முழுவதும் தண்ணீரோடுதான். சிந்து நதிக் கரையிலிருந்த சுக்கூர் நகருக்குக் குடிநீர் கொண்டு வந்தார். புனே அருகே கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில், தானே திறந்து தானே மூடிக் கொள்ளும் மதகுகளை அமைத்தார். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஏறினால் மதகு தானாகவே திறக்கும், வடிந்ததும் தானாகவே மூடும். இது நடந்தது 1903ல். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. நினைத்துப் பாருங்கள்!

1908ல் அவர் அரசு வேலையிலிருந்து விலகினார். ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சுற்றி, அங்குள்ள தொழிற்சாலைகளையும் அணைகளையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கிளம்பி விட்டார். அதே ஆண்டில்தான் ஹைதராபாத்தில் அந்தப் பயங்கரம் நடந்தது.

1908, செப்டம்பர் 28

மூசி ஆறு ஹைதராபாத்தின் நடுவே ஓடுகிறது. கோடையில் அதைப் பார்த்தால், இதுவா ஓர் ஊரையே அழித்தது என்று கேட்பீர்கள். அவ்வளவு சாதுவாக இருக்கும். ஊருக்குச் சற்று மேற்கே ஈசி என்ற இன்னொரு சிறிய ஆறு வந்து அதனோடு சேரும்.

1908 செப்டம்பர் கடைசியில் மழை கொட்டத் தொடங்கியது. விடவே இல்லை. 28ம் தேதி விடிவதற்குள் ஆறு கரையைத் தாண்டி ஊருக்குள் புகுந்து விட்டது. அப்சல்கஞ்ச் பகுதியில் தண்ணீர் ஏறக்குறைய 11 அடி உயரத்துக்கு நின்றது. இரண்டு ஆள் உயரம்! தூக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அப்சல், முசல்லம் ஜங், சாதர்காட் என்று மூன்று பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. கோல்கொண்டா சுல்தான்கள் 16ம் நூற்றாண்டில் கட்டிய புராணா புல் என்ற பழைய பாலம் மட்டும் நின்றது. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. இறந்தவர்கள் 15,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். அம்ஜத் ஹைதராபாதி என்ற உருதுக் கவிஞர் தன் அம்மா, மனைவி, மகள் மூவரையும் அந்த வெள்ளத்தில் பறிகொடுத்தார். அவர் மட்டும் பிழைத்தார்.

அப்போது ஹைதராபாத்தை ஆண்டவர் ஆறாவது நிஜாம், மீர் மெகபூப் அலி கான். இடிந்ததைக் கட்டிவிடலாம். ஆனால் மறுபடியும் இப்படி ஒரு வெள்ளம் வந்தால்? இந்தக் கவலைக்கு விடை சொல்ல விஸ்வேஸ்வரய்யாவை அழைக்க முடிவு செய்தார்கள். ஐரோப்பாவில் இருந்த அவருக்குத் தந்தி பறந்தது. அவர் தன் பயணத்தை முடித்துக் கொண்டு, 1909ம் ஆண்டு ஏப்ரலில் ஹைதராபாத் வந்து வேலையைத் தொடங்கினார்.

துப்பறியும் வேலை

அவர் வந்தபோது வெள்ளம் வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆறு பழையபடி சாதுவாக ஓடிக் கொண்டிருந்தது. ஓடிப் போன தண்ணீரை எப்படி அளப்பது? திருடன் ஓடிப் போன பிறகு போலீஸார் என்ன செய்வார்கள்? கால் தடம், கை ரேகை என்று தடயங்களைத் தேடுவார்கள் அல்லவா? வெள்ளமும் தடயங்களை விட்டுவிட்டுத்தான் போகும்.

முதல் தடயம், மழைக் கணக்கு. எந்த ஊரில், எத்தனை மணி நேரத்தில், எத்தனை அங்குலம் மழை பெய்தது? மழைமானி வைத்திருந்த ஊர்களின் பதிவேடுகளைத் தேடி எடுத்தார்கள். ஒரு சதுர மைல் நிலத்தில் ஓர் அங்குலம் மழை பெய்தால், அதுவே சுமார் 23 லட்சம் கன அடித் தண்ணீர். ஹைதராபாத்துக்கு மேலே பெய்யும் மழையில் மூசிக்கு வந்து சேரும் பரப்பு எவ்வளவு தெரியுமா? சுமார் 860 சதுர மைல். நீங்களே பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்!

ஈசி ஆற்றின் பக்கத்தில் ஷம்ஷாபாத் என்ற ஊர் இருக்கிறது. இன்று ஹைதராபாத்தின் பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறதே, அதே ஊர்தான். அங்கே 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம் மழை பெய்திருந்தது. அதாவது சுமார் 32 சென்டிமீட்டர். உங்கள் பள்ளிப் பையில் இருக்கும் அடி ஸ்கேலை நிமிர்த்தி வைத்தால், அதையும் தாண்டி நிற்கும் அளவு மழை ஒரே நாளில்!

இரண்டாவது தடயம், சுவர்களில் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் சுவரில் ஒரு சேற்றுக் கோடு நிற்கும், பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் அதுவரை ஏறியது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. ஆற்றின் அகலம் தெரியும். கோட்டை வைத்து ஆழம் தெரியும். ஆறு எவ்வளவு சரிவாக இறங்குகிறது என்று அளந்தால், தண்ணீர் ஓடிய வேகத்தையும் கணக்கிட்டு விடலாம். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால், ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்பது கிடைத்துவிடும். இப்படித்தான் பொறியாளர்கள், கண்ணால் பார்க்காத வெள்ளத்தையும் காகிதத்தில் திரும்ப ஓட வைக்கிறார்கள்.

ஹைதராபாத் வெள்ளத்தின் உச்சத்தில் விநாடிக்குச் சுமார் 4,25,000 கன அடித் தண்ணீர் போயிருக்கிறது என்று கணக்கு வந்தது. புரியும்படி சொல்லட்டுமா? உங்கள் தெருவுக்கு 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் அப்படிப்பட்ட 1,000 லாரித் தண்ணீர் ஊருக்குள் பாய்ந்திருக்கிறது. இரண்டு என்றால் இன்னும் 1,000 லாரி!

உடைந்த ஏரிகள்

மூன்றாவது தடயம்தான் மிக முக்கியமானது. மூசிக்கு நீர் வரும் பகுதி முழுவதும் ஏரிகள் இருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, 788 ஏரிகள். ஏறக்குறைய சதுர மைலுக்கு ஒன்று. மேல் ஏரி நிரம்பினால் அதன் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. விவசாயத்துக்கு அருமையான ஏற்பாடு.

ஆனால் 1908ல் பெய்த மழையை அந்த ஏரிகளால் தாங்க முடியவில்லை. மேலே ஓர் ஏரியின் கரை உடைந்தது. அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ் ஏரியின் மேல் மோதியது. மழைத் தண்ணீரைத் தாங்கும் கரை, ஓர் ஏரித் தண்ணீரையும் சேர்த்துத் தாங்குமா? அதுவும் உடைந்தது. சீட்டுக் கட்டை வரிசையாக நிறுத்தி வைத்து, முதல் சீட்டைத் தட்டி விட்டால் என்ன ஆகும்? அதேதான். எண்ணிப் பார்த்தபோது 221 ஏரிகள் உடைந்திருந்தன. அதிலும் பெரும்பாலானவை ஈசி ஆற்றின் பக்கம் இருந்தவை.

மழைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், இந்த உண்மை தெரிந்திருக்குமா? வெள்ளம் எவ்வளவு பெரியது, எங்கிருந்து வந்தது, ஏன் அவ்வளவு திடீரென்று வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. இனி தீர்வைத் தேடலாம்.

சுவரா, குடமா?

உங்களிடம் கேட்டால் என்ன செய்வீர்கள்? ஆற்றின் இரண்டு பக்கமும் உயரமாகச் சுவர் எழுப்பி விடலாம் என்று தோன்றும். ஆனால் விநாடிக்கு 1,000 லாரித் தண்ணீர் வந்தால் எவ்வளவு உயரச் சுவர் வேண்டும்? ஒரே ஓர் இடத்தில் விரிசல் விட்டாலும் ஊர் போய்விடுமே!

விஸ்வேஸ்வரய்யா வேறு மாதிரி யோசித்தார். வெள்ளம் ஊருக்குள் வந்த பிறகு அதோடு சண்டை போடுவதைவிட, வருவதற்கு முன்பே வழியில் நிறுத்தி விட்டால்? ஊருக்கு மேலே மூசியின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம், ஈசியின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம். பெருமழை பெய்யும்போது வரும் தண்ணீரை அவை வாங்கி வைத்துக் கொள்ளும். பிறகு ஆறு தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடலாம்.

ஈசிக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது? ஷம்ஷாபாத் மழைக் கணக்கும், உடைந்த ஏரிகளின் பட்டியலும்தான் சொல்லிக் கொடுத்தன. மூசியை மட்டும் தடுத்திருந்தால், ஈசி வழியாக வெள்ளம் வந்து ஊரை முழுக வைத்திருக்கும்.

நீர்த்தேக்கத்தோடு கரைகளையும் உயர்த்த வேண்டும், கரையோரம் மக்கள் நடந்து போகப் பூங்காக்கள் வேண்டும், ஊருக்கு நல்ல சாக்கடை வசதி வேண்டும் என்றும் அவர் திட்டம் தந்தார். 1909 அக்டோபரில் அறிக்கை தயாராகி விட்டது. வேலை தொடங்கி ஆறே மாதம்தான்!

அவருடைய யோசனைப்படி மூசியின் மேல் உஸ்மான் சாகர் 1920ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குள் ஏழாவது நிஜாம் உஸ்மான் அலி கான் ஆட்சிக்கு வந்திருந்தார், அவருடைய பெயர்தான் அதற்கு. ஈசியின் மேல் ஹிமாயத் சாகர் 1927ல் முடிந்தது. இது நிஜாமின் மூத்த மகனின் பெயர். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய இரண்டும் ஹைதராபாத் மக்களுக்குக் குடிநீரும் கொடுத்தன. ஊரை அழித்த அதே தண்ணீர், வீட்டுக் குழாயில் வந்தது.

காலிக் குடத்தின் ரகசியம்

இங்கே ஒரு சின்னப் புதிர். வீட்டில் மழை ஒழுகுகிறது. கீழே ஒரு குடத்தை வைக்கிறீர்கள். குடம் ஏற்கெனவே தளும்பத் தளும்ப நிறைந்திருந்தால், ஒழுகும் தண்ணீரைப் பிடிக்குமா? பிடிக்காது, வழிந்து ஓடும்.

வெள்ளம் தடுக்கும் நீர்த்தேக்கமும் அப்படித்தான். அதில் எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருக்க வேண்டும். ஆனால் குடிநீருக்கு என்றால், அது நிறைந்திருப்பதுதானே நல்லது? ஒரே குடத்துக்கு இரண்டு வேலை! எவ்வளவு நிரப்புவது, எப்போது திறப்பது என்பதை மழையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டும். பழைய வெள்ளங்களின் கணக்கு கையில் இருந்தால்தான் அந்த முடிவு சரியாக இருக்கும்.

அப்படியானால் ஹைதராபாத்துக்கு இனி ஆபத்தே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 2020ம் ஆண்டு அக்டோபரில் அந்த ஊரில் பேய் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன, தாழ்வான இடங்களில் இருந்த வீடுகள் மூழ்கின, பலர் உயிரிழந்தனர். ஏன்? இரண்டு நீர்த்தேக்கங்களும் ஊருக்கு மேலே பெய்யும் மழையைத்தான் தடுக்கும். ஊருக்குள்ளேயே பெய்யும் மழை, ஏரிக்கும் ஓடைக்கும் போய்ச் சேர வேண்டும். ஏரியிலும் ஓடையிலும் வீடு கட்டி விட்டால் தண்ணீர் எங்கே போகும்? தன் பழைய இடத்துக்கே வரும். அங்கே இப்போது நாம் இருப்போம்.

உடைந்த ஏரிகளை ஒன்று விடாமல் எண்ணிய விஸ்வேஸ்வரய்யாவின் வேலை எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

நூறு வயதைத் தாண்டியவர்

ஹைதராபாத் வேலை முடிந்ததும், 1909 இறுதியில் விஸ்வேஸ்வரய்யா மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை அவருடைய திட்டத்தில் எழுந்தது. 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தார். பள்ளிகள், வங்கி, பல்கலைக்கழகம், தொழிற்சாலைகள் என்று பல நல்ல காரியங்களைச் செய்தார். 1955ல் நாட்டின் மிக உயர்ந்த விருதான பாரத ரத்னா அவரைத் தேடி வந்தது. 1962ம் ஆண்டு ஏப்ரலில், நூறு வயதைத் தாண்டிய நிலையில் காலமானார். எப்போதும் தலைப்பாகை, கோட்டு என்று மடிப்புக் கலையாமல் இருப்பார். நேரம் தவறவே மாட்டார்.

அவர் செய்த துப்பறியும் வேலையை இன்றும் விஞ்ஞானிகள் செய்து கொண்டிருக்கிறார்கள், அதுவும் எவ்வளவோ பின்னால் போய்! மழைமானியே இல்லாத காலத்தில் வந்த வெள்ளங்களைக்கூடக் கண்டுபிடிக்கிறார்கள். பெருவெள்ளம் வரும்போது, பாறை இடுக்குகளில் வண்டலை விட்டுச் செல்லும். அந்த வண்டல் அடுக்குகளை ஆராய்ந்தால், நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறு எவ்வளவு உயரம் வந்தது என்று தெரிந்துவிடும். நம் நாட்டில் நர்மதை ஆற்றில் இப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய கல்வெட்டுகள், கோயில் சுவரில் செதுக்கிய கோடுகள், அந்தக் கால அலுவலகக் குறிப்புகள் எல்லாமே அவர்களுக்குத் தடயங்கள்தான். பாலம் எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும், மருத்துவமனையை எந்த மேட்டில் கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய இவை உதவுகின்றன.

வெள்ளம் வடிந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? சுவரைக் கழுவி, வெள்ளையடித்து, சேற்றுக் கோட்டை அழித்து விடுகிறோம். கொஞ்ச நாளில் மறந்தும் விடுகிறோம். ஆறு மறப்பதில்லை, தோழர்களே!

இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்களேன். உங்கள் ஊரில் எப்போது பெரிய வெள்ளம் வந்தது, தண்ணீர் எதுவரை ஏறியது என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் கையைக் காட்டும் உயரத்தை அளந்து, ஆண்டையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் பெரியவர்களின் அனுமதியோடு சுவரில் ஒரு சின்னக் கோடும் போட்டு வையுங்கள். என்றாவது ஒரு நாள், உங்கள் ஊருக்கு ஒரு விஸ்வேஸ்வரய்யா வருவார். அவர் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். யார் கண்டது, அந்தப் பொறியாளர் நீங்களாகவே கூட இருக்கலாம்!